மெரினாவில் பெய்த ராஜபாளையத்துச் சாரல்

என் தங்கை பிரிஸ்கில்லா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எட்டாம் மாதத்தில் பிறந்தாள். பிழைக்காது என்று கையை விரித்த நர்ஸம்மாவே ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், மில் வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதித் தேறினாள். உயரம் போதாது, மெஷினுக்குக் கை எட்டாது என்று அவளைச் சேர்க்க மறுத்த மேஸ்திரிதான், பின்னாளில் புதுப் பெண்களை வேலை பழக அவளிடம் அனுப்பினார். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று சொன்ன தெருவில் பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அவளுடைய நாவலை நான்காவது பதிப்பகம் அச்சடித்தது. அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு நாவல்கள் எழுதினாள். எல்லாம் காதல் கதைகள். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது.

பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டி மாத நாவல்கள் தொங்கும். அவளுடையதை வெளியிட்ட சென்னைப் பதிப்பகம், யார் எழுதினாலும் அட்டையில் ‘மாலையரசி’ என்றுதான் போடும். ஜனங்கள் கடையில் வந்து, “மாலையரசி வந்துருச்சா?” என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயருக்குள் நாலு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் சென்னைக்காரர்கள். நாலாவது ஆள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தன் பெயரைப் போடும்படி அவள் ஒரு முறை கேட்டாள். “பிரிஸ்கில்லா என்று போட்டால் கிறிஸ்தவ சபைப் பத்திரிகை என்று நினைத்து வாங்கமாட்டார்கள் அம்மா” என்று முதலாளி பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைக்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை; மறுபடி கேட்கவும் இல்லை.

அவள் எழுதின விதத்தை மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். வைண்டிங் செக்‌ஷனில் மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரும் நீளமாகப் பேச முடியாது. எதிரே நிற்பவளின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அதனால் மூன்று வார்த்தைக்கு மேல் யாரும் பேசுவதில்லை. பிரிஸ்கில்லாவின் கதைகளில் காதலிப்பவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். மற்ற மூன்று மாலையரசிகளின் கதாநாயகர்கள் பக்கம் பக்கமாக நிலாவை வர்ணிப்பார்கள். இவளுடைய ஆள் “சாப்டியா?” என்பான். அவள் “இல்ல” என்பாள். அதிலேயே எல்லாம் இருக்கும்.

பகல் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டின பஞ்சைக்கூடத் தட்டாமல் முழு நீளத் தாளில் எழுத உட்காருவாள். நகல் எடுத்து வைக்கிற பழக்கம் இல்லை. எழுதி முடித்ததும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவாள்.

1994-இல் ‘மெரினாவில் ஒரு சாரல்’ எழுதினாள். நளினி என்ற பெண் வேலைக்காக சென்னைக்குப் போகிறாள். அவளை விரும்பும் ஆள் பதில் கேட்டுக் கடற்கரையில் நிற்கிறான். ஜூன் மாதம். வெயிலும் அடிக்கிறது, மேற்கே இருந்து குளிர்ந்த காற்றோடு சாரலும் விழுகிறது. அவன் குடையை விரிக்கிறான். அவள், “குடைய மடக்குங்க” என்கிறாள். அதுதான் அவள் பதில்.

பிரிஸ்கில்லா அதுவரை சென்னையைப் பார்த்ததில்லை. ஜூன் பிறந்தால் மலையைத் தாண்டி நம் ஊருக்குச் சாரல் வரும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். சென்னையில் அந்த மாதத்தில் தார் ரோடு உருகும். “உங்கள் மெரினா குற்றாலத்துக்குப் பக்கத்திலா இருக்கிறது?” என்று கேலி செய்து வாசகர்கள் எழுதினதாகப் பதிப்பகத்தார் சொன்னார்கள். ஆனால் இந்தப் பக்கம் யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. மில்லில் அந்தப் புத்தகம் கிழியும்வரை கை மாறியது. தூறல் விழுந்தால் போதும், ஒருத்தி மற்றவளைப் பார்த்து உதட்டசைப்பாள்: “குடைய மடக்குங்க.” செக்‌ஷனே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பில்தான் பிரிஸ்கில்லா ஒரு நாள் ஏமாந்தாள். அழகுத்தாய் என்று அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம், “அது நான் எழுதுனதுட்டி” என்று சொல்லிவிட்டாள்.

“எது?”

“மெரினா கதை.”

அழகுத்தாய் கெட்ட எண்ணம் உள்ளவள் அல்ல. ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்: “ஏட்டி, எல்லாரும் இங்க வாங்கட்டி! நம்ம பிரிசி மாலையரசியாம்! ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டு பாடிட்டு, திங்கக்கிழமை மெரினாவுல முத்தம் குடுக்காளாம்!”

ஒருத்தியும் நம்பவில்லை. அதற்குப் பிறகு வெகு காலம் அவளை “மாலையரசி, அந்த நூலை முடிச்சுப் போடு”, “மாலையரசி, டீக்கு வாரியா?” என்றுதான் கூப்பிட்டார்கள். தன் சொந்தப் புனைபெயரையே தன் மேல் கேலியாக எறிவதைக் கேட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அழகுத்தாயிடம் சொன்ன அன்றைக்கே வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாள்: “அக்கா, இனிமே யார்ட்டயும் சொல்லக்கூடாது. நானும் சொல்லமாட்டேன்.” நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

வரன் இரண்டு வந்தது, இரண்டும் கூடி வரவில்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் எழுதப் போவதில்லை. ஒரு தடவை நடந்ததை மட்டும் சொல்கிறேன். பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் ஒரு சின்னப் பெண் மாலையரசி படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி. பிரிஸ்கில்லா இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை. அந்தப் பெண் படித்து முடிக்கிற வரைக்கும் பின்னால் உட்கார்ந்து சோழபுரம் வரை போய்விட்டு, அங்கிருந்து வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள்.

“அழுதுச்சுக்கா. கண்ணத் தொடைச்சிட்டு அட்டையில இருக்க பேரத் தடவிப் பாத்துச்சு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அது தடவுனது எம் பேரு இல்லல்ல?”

டிவி சீரியல்கள் வந்து மாத நாவல்களை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டன. 2006-இல் அவளுடைய பதிப்பகமும் நிறுத்திவிட்டது. மில்லில் புது மெஷின் வந்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். மடவார் வளாகத்தில் ஒற்றை அறை வீடு. பால்சாமி அண்ணாச்சியின் பால்கோவாக் கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போவேன். அவள் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் வெளியே இருக்கும். எனக்காக இன்னொன்றை அலமாரிக்குள்ளிருந்து எடுத்துக் கழுவுவாள். தன்னுடைய நாவல் ஒன்றுகூட அவளிடம் இல்லை. முன்னே வைத்திருந்ததையெல்லாம் மில் பெண்கள் இரவல் வாங்கிப் போனார்கள். திருப்பிக் கேட்டால், உனக்கெதுக்கு என்பார்களே என்று கேட்கவில்லை.

போன வருடம் ஜூன் மாதம் ராஜபாளையத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டம் நடந்தது. டியூஷன் சென்டர் மாடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். ‘ஜனரஞ்சகக் காதல் நாவல்கள் காலத்தை வெல்லுமா?’ என்று தலைப்பு. நோட்டீஸைப் பார்த்ததும் நான்தான் அவளை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

முதலில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயாதுரை சார் பேசினார். நிதானமான மனிதர். “ஒரு காலத்தில் லட்சம் பேர் படித்ததாலேயே ஒன்று செவ்விலக்கியம் ஆகிவிடாது. படித்தவர்களுடைய கவலைகள் எல்லாம் தீர்ந்துபோன பிறகும், படிக்க ஒரு காரணமும் இல்லாத ஒருவன் எடுத்துப் படிக்கிறானே, அதுதான் நிற்கும். இந்த நாவல்கள் அலுப்புக்கு மருந்து. அலுப்பு தீர்ந்ததும் மருந்து பாட்டிலை யாரும் வைத்துக்கொள்வதில்லை” என்றார்.

தையல் கடை வைத்திருக்கும் ரிஸ்வானா எழுந்தாள். கையில் காலிகோ துணியால் அட்டை போட்டு பைண்டு பண்ணின ஒரு தடித்த புத்தகம். பைண்டு பண்ணும்போது கலர் அட்டைகளைக் கிழித்துவிட்டுத்தான் தைப்பார்கள். அதனால் உள்ளே ஆறு நாவல்கள் இருந்தும் ஒன்றுக்கும் முகம் இல்லை.

“சார், எங்கம்மா அசீனா, பேண்டேஜ் கம்பெனியில வேலை பாத்தாக. இது அவுக சேத்து வச்சது. எங்க வீட்ல தூத்தல் விழுந்தா எங்கம்மா ‘குடைய மடக்குங்க’ன்னு சொல்வாக. நானும் சொல்வேன். இப்ப எம் பிள்ள சொல்லுதா. அவ இந்தப் புத்தகத்தத் தொட்டுக்கூடப் பாத்தது இல்ல. ரொம்ப நாளா அது எங்க குடும்பத்துச் சொல்லுன்னே நெனச்சேன். பொறவு ஒரு நாளு இதப் பொரட்டுனா உள்ள இருக்கு. பாட்டிலத் தூரப் போட்டாலும் மருந்து ரத்தத்துல இருக்கே சார், அதுக்கு என்ன பேரு?”

எல்லாரும் கை தட்டினார்கள். ஐயாதுரை சாரும் சிரித்துக்கொண்டே தட்டினார். நான் பக்கத்தில் பார்த்தேன். பிரிஸ்கில்லா தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்திருந்தாள்.

அடுத்து கௌதம்ராஜ் பேசினார். நம்ம ஊர்ப் பிள்ளை; சென்னையில் ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். அவர் சொன்ன செய்தியைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மாத நாவல்களில் சிறந்தவற்றை ‘செவ்வியல் வரிசை’ என்று கெட்டி அட்டையில் கொண்டுவருகிறார்களாம். முதல் புத்தகம் ‘மெரினாவில் ஒரு சாரல்’. எழுதியவரின் உண்மைப் பெயரைப் போட வேண்டும் என்று தேடியபோது, மாலையரசி பெயரில் எழுதிய ஒரு சென்னைப் பெரியவர், எல்லாமே நான் எழுதியது என்கிறாராம். பழைய முதலாளி இறந்துபோனார். மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரும் வராவிட்டால் அவர் பெயரில் அச்சுக்குப் போய்விடும்.

நான் அவள் விலாவில் இடித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கௌதம்ராஜ் தொடர்ந்தார். “எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சென்னையிலேயே பொறந்து வளந்தவரு ஜூன் மாசம் மெரினாவுல மேக்கத்திச் சாரல எழுதுவாரா? அவர்ட்ட கேட்டேன். அச்சுப்பிழை, நவம்பர்னுதான் எழுதுனேன், திருத்திருங்கன்னாரு. நாங்களும் நவம்பர்னு மாத்தி, சாரல மழையாக்கலாம்னு இருக்கோம். வாசகர்கள் என்ன சொல்லுதீங்க?”

பிரிஸ்கில்லா என் மணிக்கட்டை விட்டாள். எழுந்து நின்றாள்.

“மாத்தக்கூடாது.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“நவம்பர் மழைன்னா சனம் ஓடிரும். ஒதுங்க எடம் தேடும். அவளும் ஓடத்தான் செய்யணும். சாரல்ல யாரும் ஓடமாட்டாக. செத்த நேரம் நின்னு யோசிக்கலாம். நளினிக்கு நின்னு யோசிக்க எடம் வேணும்லா? அதுக்குத்தான் சாரல். மழைன்னா குடைய மடக்குன்னு சொன்னவளுக்குக் கிறுக்குன்னு ஆயிரும்.”

கௌதம்ராஜ் கையிலிருந்த பேனாவை மேசை மேல் வைத்தார். “அம்மா, நீங்க?”

“எழுதுனவ.”

மெஷினுக்கு முன்னால் பேசுகிற மாதிரி அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கீழே தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஐயாதுரை சார் மெதுவாகக் கேட்டார்: “ஏதாவது ஆதாரம் வச்சிருக்கீங்களாம்மா?”

“இல்ல சார்.”

“கையெழுத்துப் பிரதி? தபால் ரசீது?”

“ஒண்ணும் இல்ல சார். நிக்கும்னு நெனச்சு எழுதல. ஷிப்ட் விட்டுப் போற பிள்ளைக்கு பஸ்ல சீட்டு கெடைக்கலன்னா, நின்னுக்கிட்டே படிக்கதுக்கு எழுதுனேன்.”

“இப்ப என்ன நெனைக்கிறீங்க? நூறு வருஷம் கழிச்சும் நிக்குமா?”

“எனக்குத் தெரியாது சார். ஆனா அவ ஜூன்லதான் நிக்கணும்.”

ஐயாதுரை சார் சபையைப் பார்த்து, “எனக்கும் தெரியவில்லை. நான் மேடையில் சொன்னதை இந்த அம்மா சொன்னதோடு சேர்த்துத்தான் வீட்டில் போய் யோசிக்க வேண்டும்” என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

அன்றைக்கு மாலை அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சொல்லிட்டியேட்டி!” என்றேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, “சொன்னேன்க்கா. ஆனா நம்புனாகளா?” என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

கௌதம்ராஜ் தன்னால் முடிந்ததைச் செய்தார். அவரே பேசினார், எழுதினார். ஆனால் ஆதாரம் இரண்டு பக்கமும் இல்லை. ஒருவர் பெயரைப் போட்டால் இன்னொருவர் வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொன்னதால், இரண்டு பேர் பெயரும் வேண்டாம் என்று பதிப்பகம் முடிவு செய்தது. இந்த வருடம் ஜனவரியில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து, ‘செவ்வியல் வரிசை – 1’. கீழே மாலையரசி. ஜூன் மாதம் ஜூன் மாதமாகவே இருந்தது. சாரலும் சாரலாகவே இருந்தது. கௌதம்ராஜ் அவளுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். உள்ளே துண்டுத்தாளில், “எனக்குத் தெரியும் அம்மா” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அவள் அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். வீட்டில் காட்ட ஆள் இல்லை. பால்சாமி அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீயா எழுதுன?”

“ஆமா அண்ணாச்சி.”

“நம்ம சரக்குக்கு ஆயுசு அஞ்சு நாளு. உன் சரக்கு முப்பது வருசம் கெடாம இருந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம எம்புட்டு வருசமா பொட்டலம் கட்டுன? பேரு எங்க?”

“பேரு இல்ல அண்ணாச்சி.”

அவர் அட்டையை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, “அப்ப எப்படி நம்ப?” என்று கேட்டுவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார். வேண்டுமென்று கேட்கவில்லை, கேட்க வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அது அலமாரியில், எனக்காக வைத்திருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலா பஸ்கள் வந்து நின்று கடையில் கூட்டம் நெரிந்த நேரம். நானும் அங்கே ஓரமாக ஸ்டூலில் இருந்தேன். ரிஸ்வானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பால்கோவா வாங்க வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தோம். பையிலிருந்து அந்தப் பழைய பைண்டு புத்தகத்தை எடுத்தாள்.

“புதுசு வாங்கலியா?” என்றாள் பிரிஸ்கில்லா.

“பாத்தேன்க்கா. தங்க எழுத்துல போட்டிருக்காக. அதுல உங்க பேரு இல்ல. எதுக்கு வாங்கணும்?” புத்தகத்தைப் பிரித்து, அட்டை கிழிந்து மொட்டையாக இருந்த முதல் பக்கத்தைக் காட்டினாள். “எங்கம்மா, இத எழுதுனது யாருன்னு தெரியாமலே மௌத்தாயிட்டாக. எம் பிள்ளைக்குத் தெரியணும். இதுல போடுங்க.”

“நான்தான்னு எப்படித் தெரியும் ஒனக்கு?”

“நளினி ஏன் ஓடலன்னு எழுதுனவளுக்குத்தான தெரியும்? நான் தையக்காரி. அளவு எடுத்தவ கை எதுன்னு எனக்குத் தெரியும்.”

பிரிஸ்கில்லாவின் கையெல்லாம் நெய். உள்ளே போய்ச் சோப்பு போட்டுக் கழுவினாள். துடைத்தாள். வெளிச்சத்தில் விரல்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவினாள். “ஏம்மா, கால் கிலோ ரெண்டு!” என்று முன்னால் யாரோ கத்தினார்கள். பால்சாமி அண்ணாச்சி, “செத்த இருங்கய்யா, அவிய கையெழுத்துப் போடுதாக” என்றார்.

சம்பள ரிஜிஸ்டரிலும் ரேஷன் கடையிலும் அவள் எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தான் எழுதிய கதையின் மேல் போட்டதில்லை. பேனா பக்கத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, சுருக்காமல் முழுப் பெயரையும் எழுதினாள். இன்றைக்கு வரைக்கும் அவள் பெயர் உள்ள பிரதி உலகத்தில் அது ஒன்றுதான். கீழே தேதியும் போடச் சொன்னாள் ரிஸ்வானா.

9 பிப்ரவரி 2025.